தையல் மேசையில் எடைப் பேச்சு: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

துண்டுத் துணிகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துப் போர்வை தைக்கும் குவில்டிங் கலையில் ஈடுபட்டிருக்கும் பெண்கள், தங்கள் தையல் தோழிகளோடு சேர்ந்து உடல் எடையைக் குறைக்க முயல்வது பற்றி இந்தப் பகுதிக்குத் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். மணிக்கணக்கில் அமர்ந்து செய்யும் வேலை, அதற்கு நடுவே வந்துசேரும் பலகாரத் தட்டு, எதையும் ஒளிக்காமல் பேசிக்கொள்ளும் நட்பு ஆகிய மூன்றும் கூடும் அறை அது. வந்த கடிதங்களில் ஏழு கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த ஏழு பெண்கள் புதன்கிழமைதோறும் ஒருவர் வீட்டில் கூடி, ஈரோட்டிலிருந்து வாங்கிவரும் பருத்தி கட்பீஸ்களைக் கொண்டு குவில்ட் தைக்கிறோம். எங்களில் இளையவருக்கு 45 வயது, மூத்தவருக்கு 68. சில மாதங்களுக்கு முன் எல்லோரும் எடையைக் குறைப்பது என்று முடிவுசெய்து, தையல் அறைச் சுவரில் ஓர் அட்டவணையை ஒட்டி, வாரந்தோறும் எடை பார்த்து எழுதிவந்தோம். குறைந்தவருக்குக் கைதட்டல், கூடியவருக்குச் செல்லக் கேலி. “இந்த வாரம் உனக்கு உள் பஞ்சை இரண்டு அடுக்காக வைத்துத் தைத்துவிட்டார்கள் போலிருக்கிறது” என்று ஒருத்தியைப் பார்த்துச் சொல்லி எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். அதன்பின் அவள் வரவே இல்லை. போனில் கேட்டால் கால் வலி என்கிறாள். அட்டவணையை எடுத்துவிட வேண்டுமா? போட்டி இல்லாவிட்டால் ஊக்கம் எங்கிருந்து வரும்?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அட்டவணையைக் கழற்றிவிடுங்கள்; கூட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வாரத்துக்கு வாரம் எடை மெஷின் காட்டும் எண் கொழுப்பின் கணக்கு மட்டுமன்று. முதல் நாள் இரவு அப்பளமும் ஊறுகாயும் கூடுதலாகச் சேர்ந்திருந்தால் உடலில் நீர் தேங்கும். மலச்சிக்கல் இருந்தாலும், மாதவிடாய் நெருங்கினாலும் எண் ஏறும். இவற்றால் ஒரு கிலோ, சில சமயம் ஒன்றரைக் கிலோகூட மேலும் கீழுமாகப் போய்வருவது இயல்பு. ஆனால் உணவை ஒழுங்குபடுத்தி நடக்கிற ஒருவருக்கு ஒரு வாரத்தில் உண்மையாகக் குறையக்கூடியது கால் கிலோவிலிருந்து அரைக் கிலோதான். ஆகவே, வாரமெல்லாம் கட்டுப்பாடாக இருந்தவர் கேலிக்கு ஆளாவதும், வயிற்றுப்போக்கில் வாடியவர் கைதட்டல் வாங்குவதும் அந்தச் சுவர் அட்டவணையில் மிக எளிதாக நடந்துவிடும்.

பெண்கள் கூடி எடையைக் குறைக்க முயன்ற வரலாற்றில் உங்கள் கேள்விக்கான விடை ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் எஸ்தர் மான்ஸ் என்ற இல்லத்தரசி 1948இல் ‘டாப்ஸ்’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். அதன் தொடக்க காலக் கூட்டங்களில், எடை கூடியவரைப் பன்றி என்று சொல்லிப் பாட்டுப் பாடிச் சிரிக்கும் வழக்கம் இருந்தது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த ஜீன் நிடெட்ச் வேறு வழியில் போனார். ஏறத்தாழ 97 கிலோ எடையோடு இருந்த அவரைக் கடையில் பார்த்த தெரிந்தவர் ஒருவர், கர்ப்பமாக இருக்கிறார் என்று எண்ணி, குழந்தை எப்போது என்று கேட்டுவிட்டார். அதன்பின் ஜீன் நகரச் சுகாதாரத் துறை நடத்திய கிளினிக்குக்குச் சென்று உணவுத் திட்டம் வாங்கிக்கொண்டார். ஆனால் வீட்டில் ஒளித்துவைத்து பிஸ்கட் தின்பதை அங்கே அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. 1961இல் ஆறு தோழியரைத் தம் வீட்டுக்கு அழைத்து, அவர்களிடம் அதைச் சொன்னார். கேட்டவர்களும் தத்தம் திருட்டுத் தீனியைச் சொல்லத் தொடங்கினார்கள். அந்த வரவேற்பறைக் கூட்டம்தான் வளர்ந்து 1963இல் ‘வெயிட் வாட்சர்ஸ்’ நிறுவனமாயிற்று.

இரண்டு அறைகளிலும் சிரிப்பு இருந்தது. முதல் அறையில் மற்றவர்கள் ஒருவருடைய உடலைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாவதில் ஒவ்வொருவரும் தாம் செய்த காரியத்தைத் தாமே சொல்லிச் சிரித்தார்கள். என்னிடம் சிகிச்சைக்கு வரும் ஒருவரும் தம் தையல் தோழிகளிடம் இப்படித்தான் மனம் திறந்தார். நம் வீடுகளில் பிஸ்கட் டின்னைத் திறந்தால் ஊசியும் நூலும் இருப்பது வழக்கம். அவர் வீட்டில் ஊசி டப்பாவைத் திறந்தால் பாபின் என்னும் நூல் சுருள்களுக்கு அடியில் கடலை மிட்டாய் இருந்தது. அடுத்த கூட்டத்தில் எல்லோரும் தத்தம் டப்பாக்களைத் திறந்து காட்ட வேண்டும் என்று தீர்மானமாயிற்று; முதலில் மறுத்தவர் டப்பாவில்தான் அதிகம் இருந்தது. இந்தச் சிரிப்பால் யாரும் கூட்டத்தை விட்டுப் போகமாட்டார்கள். உள் பஞ்சு நகைச்சுவையையும் அவரவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டாம். உடலைப் பற்றிய கேலி ஒருவரை மேலும் கட்டுப்பாடாக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக இருக்கிறது. என் அனுபவத்தில், கேலிக்கு ஆளானவர் அன்று இரவு தனியாக உட்கார்ந்து கூடுதலாகவே சாப்பிடுகிறார்.

ஊக்கத்துக்கு ஒரு மாற்று வழி உண்டு. கிலோவை எழுதுவதற்குப் பதிலாக, அந்த வாரம் செய்யப்போகும் ஒரே ஒரு காரியத்தை ஒவ்வொருவரும் தாமே தேர்ந்தெடுத்துச் சொல்லட்டும். ஒருவர் ஐந்து நாள் அரை மணி நேரம் நடப்பதாகச் சொல்லலாம். மற்றொருவர் இரவு உணவுக்குப் பின் நொறுக்குத் தீனி இல்லை என்று சொல்லலாம். செய்து முடித்தவர் ஒரு சதுரம் தைத்துப் பொதுப் போர்வையில் சேர்க்கட்டும். யாருடைய சதுரம் எது என்று குறிக்க வேண்டாம். எடை பார்ப்பதை நிறுத்தத் தேவையில்லை. அதை வீட்டிலேயே, வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் பார்த்து, தம் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். தொடக்கத்தில் தம் எடையில் 5 சதவீதத்தைக் குறைப்பதை இலக்காக வைத்தால் போதும். 72 கிலோ உள்ளவருக்கு அது மூன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் அந்த அளவுக்கே பலன் தெரியத் தொடங்கும்.

பலகாரத் தட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி, ஒரு நாளில் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு டீஸ்பூன் சர்க்கரை போட்ட காபியை இரண்டு முறை குடித்தாலே 20 கிராம் ஆகிவிடுகிறது. அதன் பிறகு போளிக்கு இடமில்லை. சுண்டல், அவித்த வேர்க்கடலை, வெள்ளரி, நீர்மோர் ஆகியவற்றை வழக்கமாக்கிக்கொண்டு, மாதத்தில் ஒரு புதன்கிழமையை வடைக்கென்றே ஒதுக்குங்கள். வடையே இல்லாத வாழ்க்கையை நான் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. தட்டைத் தையல் மேசையில் வைக்காதீர்கள். எண்ணெய்க் கையோடு வெள்ளைத் துணியைத் தொடக் கூடாது என்பது தைப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுந்து வேறு அறைக்குப் போய், சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்து உட்கார வேண்டும் என்றால் இரண்டாவது சுற்று தானாகவே குறைந்துவிடும்.

வராமல் இருக்கும் தோழியின் வீட்டுக்கு உங்களில் ஒருவர் மட்டும் போங்கள். ஏழு பேரில் ஆறு பேர் சேர்ந்து போய் மன்னிப்புக் கேட்டால், அது அவருக்கு இன்னொரு மேடையேற்றம். போர்வையின் ஓரப் பட்டி மூலையில் சரியாக மடியவில்லை, நீ வந்து பார்த்தால்தான் ஆகும் என்று கூப்பிடுங்கள். எடையைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். கால் வலி உண்மையாகவே இருக்கவும் கூடும். அதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: எனக்கு வயது 61, எடை 78 கிலோ. மெஷினில் உட்கார்ந்தால் நான்கு மணி நேரம் எழுந்திருக்கமாட்டேன். என் தையல் தோழிகள் காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறார்கள். முழங்கால் வலியால் என்னால் அவர்கள் வேகத்துக்கு நடக்க முடியவில்லை. எனக்காக அவர்கள் நின்று நின்று வருவது வெட்கமாக இருக்கிறது. நடையை விட்டுவிட்டு உணவை மட்டும் குறைத்தால் போதாதா?
— வாசகி, மதுரை

பதில்: எடை குறைவதில் பெரும் பங்கு உணவுடையதுதான், ஆனால் நடக்காமல் உணவை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். 60 வயதுக்கு மேல் தொடையில் தசை குறைந்தால் முழங்காலின் நிலைமை இன்னும் மோசமாகும்.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2005இல் வெளியாயிற்று. உடலில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் முழங்கால் மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று அதில் தெரிந்தது. நீங்கள் மூன்று கிலோ குறைத்தால் ஓர் அடிக்கு 12 கிலோ குறையும். தெப்பக்குளத்தை ஒருமுறை சுற்றிவர எத்தனை அடி வைக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வெட்கத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். தோழிகள் ஒரு திசையில் புறப்படட்டும், நீங்கள் எதிர்த் திசையில் புறப்படுங்கள். குளத்தைச் சுற்றிவரும் பாதை புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் என்பதால், எந்த வேகத்தில் நடந்தாலும் வழியில் சந்திப்பீர்கள். யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. மூச்சு சற்று வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுவே உங்களுக்கு ஏற்ற வேகம். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வாரத்தில் 150 நிமிடங்களாவது இத்தகைய மிதமான உடலுழைப்பு தேவை. அதைப் பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்துச் செய்தாலும் கணக்கில் சேரும். வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்று அதே பரிந்துரை சொல்கிறது. உங்களுக்கு எளியது, கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. கைகளை மடியில் ஊன்றாமல் எழ முடியும் வரை, முதலில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே செய்யுங்கள்.

தையல் அறையையும் சற்று மாற்றி அமைக்கலாம். அயர்ன் பாக்ஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் பலருக்கும் வசதி. உங்களுக்கு அது அடுத்த அறையில் இருக்கட்டும். குவில்ட் தைக்கும்போது ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் மடிப்பைத் தேய்த்து அமர்த்த வேண்டியிருப்பதால், அரை மணிக்கு ஒருமுறையாவது எழுந்து நடப்பது தானாக நிகழ்ந்துவிடும். வெட்டும் மேசை உங்கள் முழங்கை உயரத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் நின்றுகொண்டே வெட்டலாம். மேல் துணி, பஞ்சு, அடித் துணி ஆகிய மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, மண்டியிட்டபடி பின் குத்தும் வேலையை மட்டும் இனிமேல் செய்யாதீர்கள். இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு அதன்மேல் செய்யுங்கள், அல்லது முழங்கால் நன்றாக உள்ள ஒரு தோழியின் கையில் ஒப்படைத்துவிட்டு, அவருடைய பாபின்களுக்கெல்லாம் நூல் சுற்றிக்கொடுங்கள். முழங்கால் வீங்கியிருந்தாலோ, இரவில் வலியால் விழித்துக்கொண்டாலோ, நடையைத் தொடங்குவதற்கு முன் எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: “கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்பார்களே. எங்கள் குழுவில் எல்லோரும் காலையில் கொள்ளுத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியிருக்கிறோம். பலன் உண்டா?
— வாசகி, சேலம்

பதில்: கொள்ளு நல்ல பயறு. 100 கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதமும் நிறைந்த நார்ச்சத்தும் இருப்பதால் வயிறு நிறையும். அடுத்த வேளைப் பசி தாமதமாகும். ஆனால் இந்தச் சத்துகளில் பெரும்பகுதி பயறில் இருக்கிறதே தவிர, அதை வேகவைத்த தண்ணீரில் இல்லை. தண்ணீரைக் குடித்துவிட்டுப் பயறை வீசுவதைவிட, கொள்ளுச் சுண்டலோ கொள்ளுத் துவையலோ செய்து, அந்த வேளையில் சோற்றின் அளவை ஒரு கரண்டி குறைத்தால் பலன் உண்டு. கொழுப்பைக் கரைக்கும் பானம் என்று எதுவும் கிடையாது. கிரீன் டீயும் அந்த வரிசையில்தான் சேரும். யூரிக் அமிலம் அதிகம் உள்ளவர்கள், கொள்ளை எவ்வளவு சேர்க்கலாம் என்று தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

கேள்வி: தோழிகளோடு சேர்ந்து தொடங்கிய எனக்கு முதல் மூன்று மாதங்களில் நான்கு கிலோ குறைந்தது. பிறகு எடை அசையவே இல்லை. மற்றவர்களுக்குக் குறைந்துகொண்டே போகிறது. “உன் மெஷினில் நூல் சிக்கிக்கொண்டது” என்று அவர்கள் சமாதானம் சொல்கிறார்கள். நான் என்ன தவறு செய்கிறேன்?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: தோழிகள் சொன்னது ஆறுதல் மட்டுமன்று, ஏறத்தாழ உண்மையும்கூட. எடை குறைந்த உடலுக்கு முன்பு தேவைப்பட்ட அளவு ஆற்றல் தேவைப்படாது. அதோடு, உடல் தன் செலவைச் சற்றுச் சிக்கனமாக்கியும் கொள்ளும். மூன்று மாதங்களுக்கு முன் எடையைக் குறைத்த அதே உணவு, இப்போது எடையை அப்படியே நிறுத்தி வைப்பதற்குச் சரியாக இருக்கிறது. இது உங்கள் தவறன்று.

நீங்கள் தைப்பவர் என்பதால் எடை மெஷினைவிட நம்பத்தக்க கருவி ஒன்று உங்கள் கழுத்திலேயே தொங்குகிறது. இன்ச் டேப்பை எடுத்து, விலா எலும்பின் கீழ் நுனிக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, வெறும் தோலின்மீது, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், டேப் தோலை அழுத்தாமல் அளந்து பாருங்கள். பாவாடை நாடா கட்டும் இடம் பலருக்கும் இதைவிடக் கீழே இருக்கும், அங்கே அளக்காதீர்கள். இந்தியப் பெண்களுக்கு இந்தச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள், அதாவது முப்பத்தொன்றரை அங்குலத்துக்குள் இருப்பது நல்லது. எடைக்கும் உயரத்துக்குமான கணக்கிலும் நமக்கு வரம்பு குறைவு. பி.எம்.ஐ. 30ஐத் தொட்டால்தான் உடற்பருமன் என்பது உலக அளவுகோல். இந்தியர்களுக்கு 23இலேயே கூடுதல் எடை தொடங்கி, 25இலிருந்து உடற்பருமன் என்று நம் மருத்துவர்கள் கொள்கிறார்கள். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு இவை முறையே சுமார் 55 கிலோவும் 60 கிலோவும் ஆகும். நம்மவர்களுக்கு வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு அதிகம் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

எடை நின்றிருக்கும் காலத்தில் உழைப்பு வீணாகிறது என்றும் எண்ண வேண்டாம். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வெளியாயிற்று. நீரிழிவின் வாசலில் நின்றிருந்த 531 பேர் அதில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்திக்கொண்டவர்களிடம், நீரிழிவு வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்திருந்தது. அவர்களுடைய எடை சொல்லிக்கொள்ளும்படி குறைந்திருக்கவில்லை என்பதுதான் அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

மீண்டும் எடை குறைய வேண்டுமென்றால், முதலில் எண்ணெயைக் கணக்குப் பாருங்கள். முன்பு சொன்ன உணவு வழிகாட்டி, 2,000 கலோரி உணவில் ஒருவருக்கு ஒரு நாளுக்கு 27 கிராம் எண்ணெய் என்கிறது. மாதத்துக்கு ஒரு லிட்டருக்கும் குறைவு. உங்கள் வீட்டில் எத்தனை பேர், மாதம் எத்தனை லிட்டர் என்று வகுத்துப் பார்த்தால், பெரும்பாலும் சிக்கல் அங்கேயே தெரிந்துவிடும். ஒரு நாளில் 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் சேர்கின்றனவா என்பது அடுத்த சோதனை. சோறு, இட்லி, தோசை என்று தட்டில் தானியம் மட்டுமே நிறைந்திருந்தால், அதில் கால் பங்கைப் பருப்புக்கோ முட்டைக்கோ மீனுக்கோ விட்டுக்கொடுங்கள். நாகர்கோவிலில் இருந்துகொண்டு மீனுக்கு யோசிக்க வேண்டியதில்லை. பொரிக்காமல் குழம்பாக வையுங்கள், தேங்காயை மட்டும் சற்றுக் குறைத்து அரையுங்கள். சோர்வு, முடி உதிர்தல், குளிர் தாங்காமை ஆகியவையும் இருந்தால் தைராய்டு பரிசோதனை ஒன்று செய்துகொள்வது நல்லது.

கேள்வி: என் மனைவி தம் தையல் தோழிகளோடு சேர்ந்து எடை குறைக்கிறார். விளைவு, வீட்டில் எனக்கும் இரவில் பொரியலும் இரண்டு சப்பாத்தியும்தான். நான் குவில்ட் தைக்கவில்லை. என்னை ஏன் இதில் சேர்த்தார்கள்?
— வாசகர், சென்னை

பதில்: உங்களைச் சேர்க்காமல் இருக்க அவரால் முடியாது. அமெரிக்காவின் ஃப்ராமிங்காம் ஆய்வில் 12,067 பேரை 32 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2007இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நண்பர் ஒருவர் உடல் பருத்தால் நாமும் பருக்கும் வாய்ப்பு 57 சதவீதமும், கணவனோ மனைவியோ பருத்தால் 37 சதவீதமும் கூடுகின்றன. வாழ்க்கைத் துணையைவிட நண்பரின் பாதிப்பு அதிகம் என்பதால், உங்கள் மனைவி தோழிகளை நம்புவது சரியான கணக்கு. நீங்கள் மாலையில் அலுவலக நண்பர்களோடு பஜ்ஜிக் கடைக்குப் போகிறவராக இருந்தால், இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக்கொள்வது உங்களுக்கும் நல்லது. பசித்தால் மூன்றாவது கேளுங்கள். பொரியலை மட்டும் மீதம் வைக்காதீர்கள்.

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறேன். மீனாட்சி கோயிலில் அறிமுகமான நாங்கள் நான்கு தமிழ்ப் பெண்கள் இங்குள்ள குவில்ட் சங்கம் ஒன்றில் சேர்ந்திருக்கிறோம். ஆண்டுதோறும் இங்கே நடக்கும் பன்னாட்டு குவில்ட் திருவிழாவுக்கு முன் எடையைக் குறைத்து, நாள் முழுவதும் அரங்குகளில் களைப்பின்றி நடக்க வேண்டும் என்பது எங்கள் திட்டம். எங்களில் ஒருவர் மருத்துவர் சொல்லி வாரம் ஒருமுறை போடும் எடைக் குறைப்பு ஊசி எடுத்துக்கொள்கிறார். அவருக்கு மளமளவென்று குறைகிறது. மற்ற மூவருக்கும் ஏதோ ஏமாற்றப்பட்டது போல ஒரு மனத்தாங்கல். முன்பிருந்த கலகலப்பு இல்லை. இது குறுக்கு வழிதானே?
— வாசகி, ஹூஸ்டன்

பதில்: குறுக்கு வழி அன்று, மருந்து. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுபவரைப் பார்த்து, உப்பைக் குறைக்காமல் ஏமாற்றுகிறார் என்று நாம் சொல்வதில்லை. செமாக்ளூடைடு என்ற மருந்தை எடை குறைப்புக்கென்று 2021இல் உங்கள் நாட்டில் அனுமதித்தார்கள். அதன் முக்கிய ஆய்வில், 68 வாரங்களில் சராசரியாக உடல் எடையில் ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்தது. உணவையும் நடையையும் மட்டும் நம்பி இருப்பவர்களில் மிகச் சிலரே இந்த அளவை எட்டுவார்கள். ஆகவே உங்கள் தோழியோடு உங்களை ஒப்பிட்டால் தோற்பது உறுதி. அந்த ஒப்பீடு உங்களுக்குத் தேவையே இல்லை. இந்தியாவிலும் 2025 முதல் இத்தகைய ஊசிகள் எடை குறைப்புக்காக விற்பனைக்கு வந்திருப்பதால், இங்குள்ள குழுக்களிலும் இந்த மனத்தாங்கல் தொடங்கிவிட்டது.

அந்த ஊசி அவருக்கு எல்லாவற்றையும் எளிதாக்கிவிடவில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். குமட்டலும் மலச்சிக்கலும் பலருக்கு வரும். எடையோடு தசையும் குறையும் என்பதால் புரதமும் தசைப் பயிற்சியும் அவருக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவை. மருந்தை நிறுத்தியவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. அதனால் நடைக்கு அவருக்கும் நீங்கள் மூவரும் தேவைப்படுகிறீர்கள். விருந்துகளில், சாப்பிட முடியாத அவர் தட்டில் வற்புறுத்தி எதையும் வைக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். துணியையும் நூலையும் பகிர்ந்துகொள்வது போல அவருடைய ஊசி மருந்தைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது. நோய்த்தொற்று அபாயம் ஒருபுறம் இருக்க, குடும்பத்தில் ஒருவகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களுக்கு இம்மருந்து ஆகாது. கணைய அழற்சி வந்தவர்களும் தவிர்க்க வேண்டியிருக்கும். யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். திருவிழா நடக்கும் மாநாட்டு மையத்தின் அரங்குகள் எவ்வளவு நீளம் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போதிருந்தே வாரக் கடைசியில் நால்வரும் பேரங்காடி ஒன்றில் இரண்டு மணி நேரம் நடந்து பழகுங்கள். பழகிய காலணியையே திருவிழாவுக்கும் அணிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தையல் குழுவில் எல்லோரும் சேர்ந்து தினமும் 16 மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். நான் நீரிழிவுக்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் எடுத்துக்கொள்கிறேன். “ஏகாதசி இருந்த உனக்கு இது பெரிதா?” என்கிறார்கள். சேரலாமா?
— வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மருத்துவரைப் பார்த்து மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளாமல் சேரக் கூடாது. ஏகாதசி பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவது, இது தினமும். மெட்ஃபார்மினால் மட்டும் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. ஆனால் கிளிமெபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டிக்கொண்டே இருக்கும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தோழிகளிடம் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அவர்கள் 16 மணி நேரம் இருக்கட்டும், நீங்கள் மூன்று வேளையும் நேரத்துக்கு அளவாகச் சாப்பிட்டு, அவர்களோடு நடையில் மட்டும் சேர்ந்துகொள்ளுங்கள். எடை குறையக் குறைய உங்கள் மாத்திரையின் அளவையும் குறைக்க வேண்டி வரும் என்பதால், மாதம் ஒருமுறையாவது சர்க்கரையைப் பரிசோதித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, கண் மங்கல் ஆகியவை தாழ் சர்க்கரையின் அறிகுறிகள். தைப்பவர்களுக்கு இது பெரும்பாலும் ஊசியில் நூல் கோக்க முடியாத தடுமாற்றமாகத் தெரியவரும். மூக்குக் கண்ணாடியைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். மெஷினை நிறுத்திவிட்டு, சர்க்கரையைப் பரிசோதித்துப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தாலோ, பரிசோதிக்க வசதி இல்லாவிட்டாலோ, 15 கிராம் குளுக்கோஸை, அதாவது மூன்று டீஸ்பூனைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள். ஏறவில்லை என்றால் அதே அளவை இன்னொரு முறை குடியுங்கள். ஏறிய பிறகு ஏதேனும் உணவும் சாப்பிட வேண்டும். உங்களுக்கு மயக்கம் வந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும் என்று தோழிகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். தையல் பெட்டியில் குளுக்கோஸ் பொட்டலம் எந்த அறையில் இருக்கிறது என்பதும் அவர்களில் இருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.